கொடியக்கரைக்கு வேன் பிடிக்கிறவங்களே, கவிநாட்டுக்கு ஒரு சைக்கிள் போதும்

நவம்பர் பிறந்துட்டாப் போதும், பறவை பார்க்கிற கோஷ்டிகளுக்கு ஒரு ஜுரம் வந்துடும். "இந்த வருஷம் எங்க போறோம்?" எங்க புதுக்கோட்டைக் குழுவும் இதுக்கு விதிவிலக்கு இல்லை. கேள்வியும் வருஷா வருஷம் அதேதான், பதிலும் அதேதான். கொடியக்கரை. அது அமையலைன்னா கரைவெட்டி. அதுவும் இல்லைன்னா வடுவூர். பதினஞ்சு பேர், ஒரு வேன், விடியக்காலை மூணு மணிக்குக் கிளம்பல், பட்டுக்கோட்டையில டீ, பூநாரையைப் பார்த்ததும் ஒரு "ஆஹா", தொப்பியோட குரூப் போட்டோ, மத்தியானம் மீன் சாப்பாடு, ராத்திரி வீடு. மறுநாள் வாட்சப்பில் இருநூறு படம் வந்து விழும். அத்தோட சீசன் முடிஞ்சது. இனி அடுத்த நவம்பர்தான்.

இந்தப் பதிவு அந்த வேனுக்கு எதிரானது. குழு நண்பர்கள் படிச்சிட்டுக் கோவிச்சுக்குவாங்க. பரவாயில்லை, நேர்ல சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுறேன் :-)

முதல்லயே ஒரு டிஸ்கி போட்டுடறேன். கொடியக்கரை மேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. 1967-லயே சரணாலயமா அறிவிச்ச இடம். 2002-ல் ராம்சார் பட்டியலுக்குப் போன இடம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்காரங்க பல வருஷமா பறவைகளுக்கு வளையம் மாட்டி ஆராய்ச்சி பண்ணின இடம். வாழ்க்கையில ஒரு தடவையாவது போய்ப் பார்க்க வேண்டியதுதான், யார் இல்லைன்னா? ஆனா அந்த இடத்துக்கு ஆள் இருக்கு, சட்டம் இருக்கு, வனத்துறை இருக்கு, கணக்கு இருக்கு. நாம பதினஞ்சு பேர் போகலைன்னா அங்க ஒண்ணும் குறைஞ்சுடாது. இருட்டுல வேன்ல தூங்கிக்கிட்டே நாம தாண்டிப் போறோமே, வழி நெடுக ரெண்டு பக்கமும் கண்மாயும் ஏரியும், அதுக்கெல்லாம் யார் இருக்கா?

இன்னொண்ணு. பறவைன்னு எழுத ஆரம்பிச்சா சத்திமுத்தப் புலவரைக் கூப்பிடாம தமிழ்ல யாரும் பதிவை முடிக்கிறதில்லை. நான் கூப்பிடப் போறதில்லை. அவர் பாவம், நாரையைத் தூது அனுப்பிட்டு நிம்மதியா இருக்கட்டும். நாம நம்ம வேலையைப் பார்ப்போம்.

நம்மகிட்ட என்ன இருக்கு?

புதுக்கோட்டை மாவட்டத்துல வருஷம் பூரா ஓடுற ஆறு கிடையாது. தெற்கு வெள்ளாறு, அக்னியாறு, பாம்பாறு எல்லாமே மழை பெஞ்சா ஆறு, இல்லைன்னா மணல். அதனாலதான் நம்ம முன்னோர்கள் கண்மாயா வெட்டித் தள்ளியிருக்காங்க. மாவட்டம் முழுக்க ஆயிரக்கணக்குல இருக்கு. ஒரு கண்மாய் நிரம்பிக் கலிங்கு வழிஞ்சா, அந்தத் தண்ணி வாரி வழியா அடுத்த கண்மாய்க்குப் போகும். கண்மாய்க்குள்ள குமிழி வெச்சு, கல்லுல வெட்டும் வெச்சிட்டுப் போயிருக்காங்க. நகரத்தை ஒட்டியே கவிநாடு கண்மாய் கிடக்கு. கரையில நின்னு பார்த்தா மழை வருஷத்துல எதிர்க்கரை மங்கலாத்தான் தெரியும்.

இதுல ஒரு கண்மாயோட ஆறு மாசக் கதையைப் பாருங்க.

ஐப்பசி கார்த்திகையில வடகிழக்குப் பருவமழை பெஞ்சு தண்ணி விரியும். நீர்க்காகம், பாம்புத்தாரா, முக்குளிப்பான் எல்லாம் ஆழத்தைப் பிடிச்சுக்கும். மார்கழி, தையில வலசை வாத்துகள் வரும். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன். கூடவே வானத்துல சேற்றுப் பூனைப்பருந்து சுத்தும், அது தாழப் பறந்தா மொத்தக் கூட்டமும் எழும்பும். மாசி பங்குனியில வயலுக்குப் பாய்ச்சிப் பாய்ச்சித் தண்ணி உள்வாங்கும். ஓரத்துல சேறு வெளிய தெரிய ஆரம்பிக்கும். உள்ளான்களுக்கு அதுதான் கல்யாணப் பந்தி. கொசு உள்ளான்னு ஒண்ணு இருக்கு. எடை ஒரு இருபத்தஞ்சு கிராம் இருக்கும், நம்ம வீட்டுச் சிட்டுக்குருவி அளவுதான். ஆர்க்டிக் தூந்திரத்துல குஞ்சு பொரிச்சிட்டு, பனிக்காலத்துக்கு நம்ம ஊர்ச் சேத்தைத் தேடி வருது. திரும்பிப் போற பயணத்துக்கான கொழுப்பையும் இந்தச் சேத்துலதான் சேர்த்துக்குது. அப்புறம் சித்திரை வைகாசியில தண்ணி முழங்காலுக்கு வந்ததும் மீன்பிடித் திருவிழா. ஊரே ஊத்தாவோட இறங்கும். பறவை சீசன் முடிஞ்சது.

இப்ப சொல்லுங்க. தண்ணி வாரா வாரம் மாறுது, பறவையும் வாரா வாரம் மாறுது. இதை வருஷத்துக்கு ஒரு நாள் வேன்ல போய் எப்படிப் பார்ப்பீங்க? ஒரு நாள் பார்க்கிறது சினிமா டிரெய்லர். படம் ஓடுறது நம்ம ஊர்க் கரையில, டிக்கெட்கூடக் கிடையாது.

சித்தன்னவாசல் கூரையில தாமரைக் குளம் வரைஞ்ச மனுஷனை நினைச்சுப் பாருங்க. ஒன்பதாம் நூற்றாண்டு. மீன், யானை, எருமை, தாமரைப் பூப் பறிக்கிற ஆட்கள், நடுவுல நீர்ப்பறவைகள். அன்னம்னு சொல்றாங்க, எனக்கென்னவோ வாத்து மாதிரியும் தெரியும். அது சமணர்களோட சமவசரணத்துக் குளம்னு அறிஞர்கள் விளக்கம் சொல்றாங்க, ஒத்துக்கறேன். ஆனா குளத்துப் பக்கம் பல நாள் உட்காராத கை அதை வரைஞ்சிருக்காது. அந்தாளு யாரும் கொடியக்கரைக்கு வேன் பிடிச்ச மாதிரி எனக்குத் தெரியலை :-)

சட்டம் என்ன சொல்லுது?

இங்கதான் விஷயமே இருக்கு. கொஞ்சம் பொறுமையாப் படிங்க.

மத்திய அரசு 2010-ல் ஈரநிலப் பாதுகாப்பு விதிகள் கொண்டு வந்தப்ப, அதோட வரையறையில ஏரி, குளம், மனுஷன் வெட்டின நீர்நிலை எல்லாம் இருந்துச்சு. 2017 செப்டம்பர்ல அதை மாத்திப் புது விதிகள் வந்துச்சு. புதுசுல, பாசனத்துக்காகன்னே கட்டின நீர்நிலைகள் ஈரநிலம் என்கிற வரையறைக்குள்ள வராது. குடிநீருக்காக வெட்டினதும் வராது. நம்ம மாவட்டத்துக் கண்மாய்ல எது பாசனத்துக்காகக் கட்டாதது? ஊருணியில எது குடிக்கிறதுக்காக வெட்டாதது? ஒரு வரியில மொத்த மாவட்டமும் அம்பேல்.

வேடந்தாங்கலும் பாசன ஏரிதானேன்னு கேப்பீங்க. ஆமா. வடுவூரும் பாசன ஏரிதான். ஆனா அதெல்லாம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல சரணாலயமா அறிவிச்சது. அப்படி அறிவிச்ச வேடந்தாங்கலுக்கே 2020-ல் எல்லையைச் சுருக்க முயற்சி நடந்து, பெரிய சத்தம் கிளம்பினது ஞாபகம் இருக்கும். தமிழ்நாட்டுல 20 ராம்சார் இடங்கள் இருக்கு, அதுல ஒண்ணுகூட புதுக்கோட்டையில கிடையாது. பட்டியல்ல இல்லாத, பலகை வைக்காத நம்ம கண்மாயோட கதி என்ன?

2007-ல் வந்த ஏரி ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் இருக்கு, வாஸ்தவம். அது எல்லைக்கல்லைப் பத்திப் பேசும். எல்லைக்குள்ள என்ன உயிர் இருக்குன்னு பேசாது. 1972 வன உயிரினச் சட்டம் பறவையைப் பத்திப் பேசும். அது நிக்கிற இடத்தைப் பத்தி, சரணாலயத்துக்கு வெளிய, பெருசாப் பேசாது. ஆகமொத்தம் நிலைமை இதுதான்: கண்மாய்ல நீலச்சிறகியைச் சுட்டா குற்றம். நீலச்சிறகி நிக்கிற ஓரத்தை லாரி வெச்சு அள்ளினா வளர்ச்சிப் பணி.

பொக்லைன் வரும்போது யார் பேசுறது?

தூர்வாருறதுக்கு நான் எதிரி இல்லை. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா அடிச்சு, தென்னை எல்லாம் சாய்ஞ்சு, மாவட்டத்தோட கிழக்குப் பக்கம் சீரழிஞ்சு கிடந்துச்சு. அடுத்த வருஷமே கீரமங்கலம், கொத்தமங்கலம் பக்கத்துப் பசங்க சொந்தக் காசைப் போட்டுக் குளம் தூர்வாரினாங்க. அந்தப் பசங்களுக்கு ஒரு சல்யூட். தண்ணி இல்லாத கண்மாய்க்கு எந்தப் பறவையும் வராது. விவசாயிக்கு எதிரா நின்னு பறவையைக் காப்பாத்தின ஊர் எதுவும் எனக்குத் தெரிஞ்சு கிடையாது.

ஆனா எப்படி வாருறோம்னு ஒண்ணு இருக்குல்ல? கான்ட்ராக்ட் எடுத்தவருக்கு லாரி இறங்க வசதியான இடம் ஓரம். ஓரத்துலயே வெட்டிக் கண்மாயைக் குளியல் தொட்டி மாதிரி ஆக்கிட்டா, நீர்க்காகம் நீந்தும், உள்ளானுக்கு நிக்க இடம் இருக்காது. உள்ளானுக்கு வேண்டியது கணுக்கால் ஆழம், வாத்துக்கு முழங்கால் ஆழம். ஒரு பக்கம் சரிவா விட்டாப் போதும், நடுவுல எவ்வளவு ஆழம் வேணா எடுத்துக்கட்டும். இதை யாராவது கரையில நின்னு சொல்லணும். சொல்றதுக்கு ஆதாரம் வேணும். "சார், வடக்கு ஓரத்தை மட்டும் விட்டுடுங்க. மூணு வருஷமா மாசி பங்குனியில அங்கதான் கூட்டம் நிக்குது, இந்தாங்க கணக்கு" அப்படின்னு நோட்டை நீட்டணும். நம்ம கையில என்ன இருக்கு? கொடியக்கரையில எடுத்த பூநாரை படம்.

சீமைக்கருவேலமும் அதே கதைதான். 2017-ல் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு எல்லா ஊர்லயும் வெட்டினாங்க. வெட்ட வேண்டியதுதான். ஆனா எந்தக் கண்மாய்ல எந்த மரத்துல கொக்கும் நாரையும் கூடு கட்டுது, அதை எந்த மாசம் வெட்டக் கூடாது, பதிலுக்கு எங்க நாட்டுக்கருவேலம் வைக்கணும்? பதில் சொல்ல ஒரு நோட்டும் இல்லை. தைலமரக் காட்டை எடுத்துக்குங்க. வரப்பு போட்டு மழைத்தண்ணியைத் தோட்டத்துக்குள்ளேயே நிறுத்திடறதால கண்மாய்க்கு வரத்து இல்லைன்னு விவசாயிகள் வருஷக்கணக்கா மல்லுக்கட்டறாங்க. அவங்ககிட்ட தண்ணிக் கணக்கு இருக்கு. அவங்க பக்கத்துல நின்னு பறவைக் கணக்கைக் கொடுக்க வேண்டிய நாம எங்க இருக்கோம்? வேதாரண்யம் டோல்கேட்டைத் தேடிக்கிட்டு இருக்கோம்.

2024-ல் புதுக்கோட்டை மாநகராட்சி ஆயிடுச்சு. நகரம் இனி எந்தப் பக்கம் வளரும்னு நான் சொல்லணுமா?

நண்பர்கள் சொல்ற சமாதானங்கள்

ஒண்ணு: "நம்ம கண்மாய்ல என்னய்யா இருக்கு, கொக்கும் நாரையும்தானே?"

எத்தனை தடவை போய்ப் பார்த்துட்டுச் சொல்றீங்க? கொக்குன்னு சொல்றதுலயே சின்னக் கொக்கு, நடுக் கொக்கு, பெரிய கொக்கு, உண்ணிக்கொக்கு, மடையான்னு அஞ்சு இருக்கு. இந்த அஞ்சையும் கண்ணாடி இல்லாமலே பிரிச்சுச் சொல்லத் தெரிஞ்ச ஆள் எங்க குழுவுல ரெண்டு பேர். கரையில ஆடு மேய்க்கிற பெரியவர்ல பாதிப் பேருக்கு அது தெரியும்.

ரெண்டு: "பறவை எல்லாம் நல்லாத்தான் இருக்கு. விராலிமலையில மயிலைப் பாரு, பெருகிக் கிடக்கு!"

மயில் பெருகினது உண்மை. இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 2023-ஆமாண்டு வந்துச்சு. 942 வகைப் பறவைகளை ஆராய்ஞ்சிருக்காங்க. நீண்டகாலப் போக்கைக் கணிக்கிற அளவுக்குத் தகவல் இருந்தது 338 வகைக்கு மட்டும். அதுல 60 சதவீதம் சரிவு. மயிலும் குயிலும் கூடியிருக்கு. வேட்டைப் பறவைகள், வலசை வர்ற கரைப்பறவைகள், வாத்துகள் குறைஞ்சுக்கிட்டு வருது. அதாவது, நம்ம கண்மாய்க்கு மார்கழியிலயும் மாசியிலயும் வர்ற அதே கூட்டம். இன்னொண்ணையும் கவனிங்க. மிச்ச அறுநூறு வகைக்கு நீண்டகாலக் கணக்குச் சொல்லவே தகவல் பத்தலை. அந்த அறிக்கையே நம்மள மாதிரி முப்பதாயிரம் பேர் ஈபேர்டுல போட்ட பட்டியல்ல இருந்து வந்ததுதான். நாம போடாத கண்மாய் அதுல இருக்காது.

மூணு: "எண்ணி என்ன ஆகப்போகுது? அரசாங்கம் கேக்குமா?"

கேட்டிருக்கு. திருப்பூர் நஞ்சராயன் குளத்தைப் பாருங்க. அதுவும் பாசனக் குளம்தான். சாயக்கழிவுல அடிபட்ட குளம். உள்ளூர் பறவை ஆர்வலர்கள் விடாம வருஷக்கணக்கா எண்ணி எழுதி வெச்சாங்க. 191 வகைப் பறவை பதிவாச்சு. 2022-ல் மாநிலத்தோட 17-வது பறவைகள் சரணாலயம், 2024-ல் ராம்சார். அவ்வளவு தூரம் எதுக்கு, நம்ம கடலையே எடுத்துக்குங்க. வலையில சிக்கின ஆவுளியாவை மீனவர்கள் திரும்பக் கடல்ல விட்டாங்க, ஆராய்ச்சிக்காரங்க பதிவு பண்ணினாங்க. 2022 செப்டம்பர்ல தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலோரத்துல 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுப் பாதுகாப்பகமா அறிவிச்சாங்க. கணக்கு இருந்த இடத்துல காரியம் நடந்திருக்கு.

எல்லாக் கண்மாயையும் சரணாலயம் ஆக்கணும்னு நான் கேக்கலை. விவசாயிக்கு வர்ற பயம் நியாயமானது. எனக்கு வேண்டியது வேலி இல்லை, நோட்டு.

நாலு: "கூட்டமாப் போனாத்தான் புதுப் பசங்களுக்கு ஆர்வம் வரும்."

இதுதான் கொஞ்சம் வலுவான வாதம். நானும் யோசிச்சுப் பார்த்தேன். வேன்ல வந்த புதுப் பையன் பூநாரையைப் பார்த்துட்டு வாயைப் பிளப்பான், சரி. அடுத்த நாள் அவன் வீட்டுக்குப் பின்னால இருக்கிற குளத்துக்குப் போவானா? "அங்க பூநாரை இல்லையே"ன்னு போக மாட்டான். அதுக்குப் பதிலா, அவன் ஊர்க் கண்மாய்ல அவனே பத்து வாரம் எண்ணி, பதினொண்ணாவது வாரம் புதுசா ஒரு வாத்து வந்து இறங்கினா, அவன்தான் அதைக் கண்டுபிடிச்சவன். அந்தப் பையனை அப்புறம் யாராலும் வீட்டுல பிடிச்சு வைக்க முடியாது.

அஞ்சு: "இடத்தை எழுதினா வேட்டைக்காரன் வருவான்."

ஏர்கன் வெச்சிருக்கிறவனும் வலை விரிக்கிறவனும் ஈபேர்டைப் பார்த்துட்டா வர்றான்? அவன் அந்த ஊர்க்காரன், நம்மளவிட நல்லாவே அவனுக்குத் தெரியும். வாரா வாரம் கரையில ஒரு ஆள் கண்ணாடியோட நிக்கிறான்னா அவன்தான் யோசிப்பான். கூடு கட்டுற மரத்தை மட்டும் வெளிய சொல்லாம இருங்க, அது போதும்.

படம் பிடிக்கிற அண்ணன்களுக்கு

படம் எடுக்கிறது தப்பே இல்லை. ஆனா பறக்கிற ஷாட் வேணும்னு உட்கார்ந்திருக்கிற கூட்டத்தைக் கல்லெறிஞ்சு எழுப்புறது, ஆறுமணிக்குருவியை மொபைல்ல குரல் போட்டுப் போட்டு வெளிய இழுக்கிறது, இதையெல்லாம் நிறுத்துங்கப்பா. அது பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து உடம்பைத் தேத்திக்கிட்டு இருக்கு. உங்க லைக்குக்காக அது ஏன் நாலு தடவை எழும்பணும்? நாமக்கோழி எத்தனை, இலைக்கோழி எத்தனைன்னு நாலு வரி எழுதிட்டு அப்புறம் எடுங்க.

என்ன செய்யலாம்?

திட்டிட்டு மட்டும் போனா நல்லா இருக்காது. அதனால:

1. ஆளுக்கு ஒரு கண்மாய். சைக்கிள்ல போற தூரத்துல. பேர் பெத்த கண்மாயா இருக்கணும்னு இல்லை.

2. நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் எல்லா ஞாயித்துக்கிழமையும், அதே நேரம், அதே கரை. ஒரு மணி நேரம் போதும். ஒண்ணுமே இல்லைன்னா பூஜ்யம்னு எழுதுங்க. பத்து வருஷம் கழிச்சுப் பார்க்கிறவனுக்கு அந்தப் பூஜ்யமும் தகவல்தான்.

3. தண்ணி மடைக்கல்லுல எந்தப் படி வரைக்கும் நிக்குதுன்னு சேர்த்து எழுதுங்க. பறவையும் தண்ணியும் ஒண்ணா இருந்தாத்தான் விவசாயி அந்த நோட்டை மதிப்பார்.

4. கண்மாய்க்குத் தண்ணி திறந்து விடுற நீர்பாய்ச்சிகிட்டயும் மீன் குத்தகை எடுத்தவர்கிட்டயும் பேசுங்க. அவங்க சொல்ற பேரை அப்படியே எழுதி வைங்க.

5. ஈபேர்டுல போடுங்க. பொங்கலுக்கு 2015-ல இருந்து தமிழ்நாடு பூராவும் நாலு நாள் பறவைக் கணக்கெடுப்பு நடக்குது, ஜனவரியில ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்குது. ரெண்டுலயும் உங்க கண்மாய் பேர் வரணும்.

6. நவம்பர் 1, ஜனவரி 26, மார்ச் 22 மூணு நாளும் கிராம சபை நாள். மூணும் பறவை சீசனுக்குள்ளேயே வருது பாருங்க! பட்டியலை எடுத்துட்டுப் போய் வாசிங்க. சிரிப்பாங்க. ரெண்டாவது தடவை கேப்பாங்க. பதிவேட்டுல ஏத்தச் சொல்லுங்க. மாநகராட்சிக்குள்ள இருக்கிற கண்மாய்னா கவுன்சிலர் கையில ஒரு நகல்.

பக்கத்துல சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில, கண்மாய்க்கு வர்ற பறவைகளுக்காக ஊரே தீபாவளிக்கு வெடி வெடிக்கிறதில்லை. அந்த ஊர்ல எந்தப் பறவைக் குழுவும் வேன் பிடிச்சு வந்து சொல்லிக்கொடுத்து ஆரம்பிச்ச பழக்கம் இல்லை அது. தினமும் கண்ணால பார்த்துக்கிட்டே இருந்த சனங்களோட பழக்கம்.

இந்த வருஷமும் வேன் கிளம்பும், எனக்குத் தெரியும். போயிட்டு வாங்க, பூநாரையை நான் கேட்டதாச் சொல்லுங்க. திரும்பி வந்ததும் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்க: போன ஞாயித்துக்கிழமை உங்க ஊர்க் கண்மாய்ல நீலச்சிறகி எத்தனை?